மலைக்கு அந்தப் பக்கத்துப் பனி

ஷமூனி ஊருக்குள் வரும்போது முதலில் கேட்பது அவள் குரல்தான். "வழி விடுங்க, வழி விடுங்க! நின்னு பேசினா உருகிடும்!" என்று தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். திரிப்போலித் துறைமுகத்துக் கோடை வெயில் மண்டையைப் பிளக்கும். கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் கால் வைத்தால்கூடச் சுடும். அந்த வெயிலில் அவளுடைய கோவேறு கழுதைகள் மேல், வைக்கோல் பொதிந்து கம்பளி சுற்றிய மூட்டைகளிலிருந்து குளிர்ந்த நீர் சொட்டும். சொட்டின இடத்தை நக்கிக்கொண்டே தெருநாய்கள் பின்னால் வரும்.

மூட்டைக்குள் இருப்பது பனி. மாரிக்காலத்தில் லெபனான் மலைமேல் விழுந்ததைக் குழிகளில் போட்டு, மிதித்து இறுக்கி, மூடி வைத்து, கோடையில் வெட்டி எடுத்து வருவாள். எங்கள் நாடு அவ்வளவு ஒடுக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு மண். அந்தப் பாயில்தான் கரும்பும் ஆலிவும், சிலுவைப் படையாகக் கடல் தாண்டி வந்த பிராங்குகளும், அவர்களுக்கு முன்பே இருந்த நாங்களும் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தோம். கீழே வியர்த்து வழிகிறவன் நிமிர்ந்து பார்த்தால் மேலே பனி தெரியும். பார்க்கலாம், எடுக்க முடியாது. எடுத்து வர ஷமூனி வேண்டும்.

அவள் மலைக் கிறிஸ்தவப் பெண். தேவதாரு மரங்களுக்குக் கீழே உள்ள ஒரு சிற்றூர். அகலமான தோள், பெரிய சிரிப்பு. அவள் புருஷன் இசார்ன் பிராங்கு. புரொவான்ஸ் கரையிலிருந்து யாத்திரைக் கப்பலில் மாலுமியாக வந்தவன். ஜெருசலேம் போய்ப் பாவம் தொலைக்கப் போவதாகத்தான் சொல்லிக்கொண்டு இறங்கினான். இறங்கின அன்றே சந்தையில் ஷமூனி மூட்டை அவிழ்ப்பதைப் பார்த்தான். வெள்ளையாக இருந்ததை உப்பு என்று நினைத்து ஒரு பிடி அள்ளி மோந்தான். கையில் நீராய் வழிந்ததும், "ஐயோ, இது என்ன மாயம்!" என்று அலறி அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சிரித்த சிரிப்பில் ஜெருசலேம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. பிறகு அதற்கும் அடுத்த வருடத்துக்கு. அந்தச் சந்தையிலேயே சர்பத் கடை போட்டு உட்கார்ந்தான். மலைக்கு மட்டும் போக மாட்டான்.

"பாய்மரத்து உச்சியில ஏறினவன், மலை ஏற பயப்படறியே?" என்று ஒருமுறை கேட்டேன். என் தறி அவன் கடைக்கு எதிர்வாடையில் இருக்கிறது.

"கப்பல்லேர்ந்து விழுந்தா கீழ தண்ணி, அண்ணே. நீந்திக்கலாம். மலையிலேர்ந்து விழுந்தா கல்லு. கல்லுல எவன் நீந்துவான்?" என்றான்.

இப்படியாக மேலே அவள், கீழே அவன். பனி அவளுடையது, எலுமிச்சையும் மாதுளையும் சர்க்கரைப் பாகும் அவனுடையது. இருவரும் சந்திக்கும் இடம் கோப்பை.

நான் சொல்லப் போவது, எல்லாம் சேர்ந்து கெட்டுப்போன ஒரு வருடத்தின் கதை. மாரியில் பனி சரியாக விழவில்லை. அது போதாதென்று, வசந்தத்தில் உள்நாட்டுக் கணவாய்ப் பக்கம் ஏதோ ஒரு கோட்டையில் இருந்த ஒரு பிராங்கு வீரன், அந்தப் பக்கத்தாரோடு இருந்த உடன்படிக்கையை மீறி ஒரு வணிகக் கூட்டத்தை மடக்கிக் கொள்ளையடித்துவிட்டான். மலைக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஆளுநர்கள் வழியை மூடிவிட்டார்கள். எங்களுக்கு அந்த வழிதான் தொண்டை. அது அடைத்தால் ஊரே மூச்சுத் திணறும். பிஸ்தா வரவில்லை, ஆப்ரிகாட் வரவில்லை, என் தறிக்குச் சாயம் வரவில்லை. இங்கிருந்து போகவேண்டிய சர்க்கரையோ கூம்பு கூம்பாக இறுகி, கிடங்குகளில் கூரை முட்டக் கிடந்தது. எறும்புகளுக்குத்தான் அந்த வருடம் யோகம்.

இந்தச் சமயத்தில்தான் கரும்புத் தோட்டத்துப் பிரபு தன் மகள் அல்மோதிக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை கடல் தாண்டி வந்த புதுப் பிராங்கு. நாள் குறித்தது கோடை உச்சியில். பிரபுவின் காரியக்காரர் ரோஸ்டான் சர்பத் கடைக்கு வந்து, "விருந்துக்குப் பனி வேணும். கோப்பைக்குக் கோப்பை வேணும். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளக்கணும்" என்றார்.

இசார்னுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. "ஆகட்டும் ஐயா" என்றுவிட்டான்.

ஷமூனி அன்று பின்மாலையில் மலையிலிருந்து வந்தாள். கழுதைகள் வெறும் முதுகோடு வந்தன. அவர்கள் பேசியது தெருவுக்கே கேட்டது.

"கல்யாணத்துக்குப் பனி உண்டுன்னு சொல்லிட்டேன்" என்றான் இசார்ன்.

"எந்தப் பனி?"

"உன் பனிதான்."

"என் பனி தண்ணியாகி ஆத்தோட போயிடுச்சு. குழியில வைக்கோல்தான் கிடக்கு. அதை வேணா பிழிஞ்சு குடிக்கச் சொல்லு!"

"கோவப்படாதடி. மலை அவ்வளவு பெருசு, எங்கியாவது ஒரு கூடை இருக்காதா?"

"இருக்கு. ஓநாய்த் தொட்டியில இருக்கு."

அதைச் சொன்னதும் அவளே நிறுத்திவிட்டாள். ஓநாய்த் தொட்டி மலைமுகட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில், வெயில் படாத ஒரு பள்ளம். எங்கள் பக்கக் குழிகள் காய்ந்த பிறகும் அங்கே பனி கிடக்கும். அந்தச் சரிவு பால்பெக் ஆளுநருக்குச் சேர்ந்தது என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். முகட்டிலிருந்து கல் எறிந்தால் விழுகிற இடமெல்லாம் தங்களுடையது என்று ஷமூனி ஊரார் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பனிக்காரன் ஹம்தானுக்கும் அவளுக்கும் இதில் பல வருடத் தகராறு. ஒரு வருடம் அவன் நட்ட அடையாளக் கோலை அவள் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அடுத்த வருடம் அவன் அவள் மூடி வைத்த பனிமேல் ஆடுகளைக் கட்டிவைத்தான். ஆடுகள் செய்யவேண்டியதைச் செய்தன. இப்போது வழியும் மூடி, சண்டையும் மூண்டிருக்கிறது.

மறுநாள் காலை அவள் நேரே பிரபுவின் கிடங்குக்குப் போனாள். ரோஸ்டான் வாசலில் நின்று எறும்புகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பனி கொண்டாரேன். அதுக்கு முன்னாடி என் கழுதைங்க மேல சர்க்கரைக் கூம்பு ஏத்துங்க" என்றாள்.

"பனிக்கு எதுக்கும்மா சர்க்கரை?"

"மலைக்குக் குடுக்க."

"மலை சர்க்கரை திங்குமா?"

"இந்த வருஷம் திங்குது."

ரோஸ்டான் அவளை உற்றுப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். இந்த ஊரிலேயே இருந்து நரைத்தவர். "அந்தப் பக்கத்துக்கு இரும்பு போகக்கூடாது, மரம் போகக்கூடாதுன்னு சாமியாருங்க சொல்லியிருக்காங்க" என்று தாடையைத் தடவினார். "சர்க்கரையைப் பத்தி யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்லாத."

இது நடந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மலையில் நடந்ததை அவள் வாயால் கேட்டேன். அதுவும் பல தடவை. தடவைக்குத் தடவை கொஞ்சம் வளரும், ஆனால் எலும்பு மாறாது.

முகட்டை அவள் உச்சிப்பொழுது சாய்ந்தபின் எட்டினாள். பின்னால் கடல், முன்னால் அந்தப் பக்கத்துச் சமவெளி மஞ்சளாக விரிந்து கிடந்தது. ஓநாய்த் தொட்டிக் கரையில் ஹம்தான் உட்கார்ந்திருந்தான். ஒல்லி ஆள், இடுப்பு வரை தாடி. அவளைக் கண்டதும் கோலை ஊன்றி எழுந்தான்.

"அங்கியே நில்லு பனிக்காரி! உன் நிழல் விழுற இடம் வரைக்கும்தான் உன் நாடு."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் நிக்கறேன்" என்றாள் அவள். "சூரியன் என் முதுகுப் பக்கம் இறங்கும். என் நிழல் உன் ஊர் வாசல் வரைக்கும் வரும். வசதியா?"

ஹம்தானுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சண்டை நடக்குது தெரியுமில்ல?" என்றான்.

"யாருக்கும் யாருக்கும்?"

"உங்க ஆளுங்களுக்கும் எங்க ஆளுங்களுக்கும்."

"எனக்கும் உனக்கும் எப்பவும் நடக்கற சண்டைதானே? புதுசா என்ன?" என்று சொல்லி, மூட்டையிலிருந்து ஒரு சர்க்கரைக் கூம்பை எடுத்து, கல்லில் தட்டி உடைத்து, ஒரு துண்டை அவன் பக்கம் வீசினாள். அவன் பிடித்தான். பார்த்தான். வாயில் போட்டான்.

"உன் பொண்ணு கல்யாணம் இந்த அறுப்பு முடிஞ்சதும்னு போன வருஷம் பெருமையாச் சொன்னியே" என்றாள் ஷமூனி. "இனிப்பு என்ன போடப்போற? திராட்சைப் பாகா?"

அது சரியான இடத்தில் பட்டது. ஹம்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஏன் கேக்கற! சம்பந்தி டமாஸ்கஸ்காரங்க. திராட்சைப் பாகு வச்சா மூஞ்சியைத் தூக்கிட்டு எழுந்து போயிடுவாங்க. என் பொண்டாட்டி தெனம் அழறா. பால்பெக் சந்தையில ஒரு துண்டு சர்க்கரை கிடையாது. இருந்தாலும் என்ன மாதிரி ஆளுக்கு எட்டாது."

"எங்க ஊர்ல எறும்பு திங்குது."

"அக்கிரமம்!"

"இங்க பனி சும்மா கிடந்து உருகுது. அது அக்கிரமம் இல்லையா?"

அதன் பிறகு பேச அதிகம் இல்லை. சர்க்கரை இறங்கியது, பனி ஏறியது. இத்தனை வருடம் ஏசிக்கொண்டவர்கள் ஒரே குழியில் இறங்கி மாறி மாறி மண்வெட்டி போட்டார்கள். "நீ வைக்கோல் கட்டற லட்சணத்துக்கு ஆடு பரவாயில்ல" என்று அவள் சொல்ல, "உன் கம்பளியில ஓட்டை, பாதி வழியிலயே அழுதுடும்" என்று அவன் தன் கம்பளியையும் கழற்றிப் போட்டான்.

அப்போதுதான் குதிரைச் சத்தம் கேட்டது. பால்பெக் ஆளுநரின் ரோந்து வீரர்கள் சரிவில் ஏறி வந்தார்கள். ஓட இடமில்லை. கழுதைகள் பாரத்தோடு நின்றன. இந்த இடத்தை மட்டும் ஷமூனி எப்போது சொன்னாலும் சிரிக்காமல் சொல்வாள்.

வீரர்களின் தலைவன் சுற்றிலும் பார்த்தான். "யார் இது?"

"என் தங்கச்சி" என்றான் ஹம்தான், மூச்சு விடாமல்.

"உனக்குத் தங்கச்சி உண்டா? கேள்விப்பட்டதே இல்லையே."

"தூரத்துல கட்டிக் குடுத்தோம். கல்யாண வேலைக்கு வந்திருக்கா."

தலைவன் குதிரையை நகர்த்தி ஷமூனி பக்கத்தில் வந்தான். குனிந்து பார்த்தான். "தங்கச்சி கழுத்துல சிலுவை தொங்குதே?"

ஹம்தான் பெருமூச்சு விட்டான். "சின்ன வயசிலேர்ந்தே சொல் பேச்சு கேக்க மாட்டா, ஐயா."

பின்னால் இருந்த ஒரு வீரனுக்கு அடக்க முடியாமல் மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. தலைவனும் சிரித்துவிட்டான். அவன் கண் சர்க்கரை மூட்டை மேல் விழுந்தது. ஷமூனி ஒரு கூம்பை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "வீட்டுல குழந்தைங்க இருக்கும்" என்றாள். அவன் வாங்கி அங்கிக்குள் செருகிக்கொண்டான். "உங்க குடும்பத்துல நாங்க தலையிட மாட்டோம்" என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினான்.

அவர்கள் மறைந்ததும் இருவரும் பனிமேலேயே சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

இறங்குவதுதான் கஷ்டம். இருட்டுவதற்குள் பாதி மலை இறங்கிவிட்டாள். விடிந்த பிறகு வெயிலோடு பந்தயம். வழியில் அவள் ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தண்ணீரில் நனைத்த வாதுமை இலைகளை மூட்டைகளுக்கு மேல் அடுக்கிக் கொடுத்தார்கள். "யாருக்கடி கல்யாணம், உனக்கா?" என்று ஒருத்தி கேட்க, "பாரத்தைப் பார்த்தா எனக்குச் சாவு மாதிரி இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓட்டினாளாம். பிரபுவின் வாசலில் அவள் வந்து நின்றபோது ரோஸ்டான் ஓடி வந்து மூட்டைக்குள் கையை நுழைத்தார். எடுத்தபோது விரல் சிவந்திருந்தது. அந்தப் பெரிய மனிதர் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

விருந்தில் சர்பத் ஊற்றுகிற வேலை இசார்னுக்கு. கோப்பை கழுவ ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துப் போனான். புதுக் கப்பலில் வந்தவர்கள் கனத்த கம்பளி உடையில் வெந்துகொண்டிருந்தார்கள். முதல் கோப்பை கைக்கு வந்ததும் சத்தமே போய்விட்டது. மாப்பிள்ளை ஒரு மடக்குக் குடித்து, பல்லைப் பிடித்துக்கொண்டு, "கூசுது!" என்று கத்திவிட்டு, உடனே கோப்பையை மறுபடி நீட்டினான். ஒருவன் பனியை எடுத்துப் பக்கத்தில் இருந்தவன் சட்டைக்குள் போட்டான். வாள் இழுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவன் துள்ளின துள்ளலில் எல்லோரும் பெஞ்சிலிருந்து உருண்டார்கள்.

மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் மட்டும் கோப்பையைத் தொடவில்லை. "இந்த வெயில்ல பனி எங்கேர்ந்து வந்தது?" என்றார்.

இசார்னுக்கு அந்தச் சமயத்திலும் பொய் வரவில்லை. "மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, ஐயா."

"அந்தப் பக்கம்னா? எதிரி நாட்டுலேர்ந்தா?" அவர் எழுந்தார். "சிலுவைக்காகக் கடல் தாண்டி வந்து, எதிரியோட பனியையா குடிக்கறோம்?"

ரோஸ்டான் கூரையைப் பார்த்தார். நான் கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன்.

பதில் சொன்னது மணப்பெண். அல்மோதி இங்கேயே பிறந்தவள். உள்ளூர்ச் செவிலியிடம் பேசக் கற்றவள், கரும்புத் தோட்டத்தில் ஓடி வளர்ந்தவள். ஷமூனி மலையில் செய்த பேரம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "மாமா, உக்காருங்க" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துல நம்ம சர்க்கரையைத் திங்கப் போறாங்க. அவங்க தின்னுட்டு, நீங்க குடிக்கலைன்னா, தோத்தது யாரு?"

சொல்லிவிட்டு எட்டி அவர் கோப்பையை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்து, கவிழ்த்துக் காட்டினாள். கூடம் இடிந்து விழுவது போல் சிரித்தது. மாமன் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தார். பிறகு யாரும் பார்க்காதபோது இசார்னிடம் விரலைக் காட்டினார். அவருக்கு நானே ஊற்றினேன், கொஞ்சம் அதிகமாக.

கோடை கழிந்ததும் கப்பல்கள் வந்தன. இத்தாலியக் கப்பல்காரர்கள் கரையில் இறங்கிக் கிடங்குகளைத் திறந்து பார்த்தார்கள். சர்க்கரை இருந்தது. பட்டு, பிஸ்தா, சாயம், வாசனைச் சரக்கு எதுவும் இல்லை. வெறும் சர்க்கரைக்காகவா இவ்வளவு கடல் தாண்டி வந்தோம் என்று அவர்கள் கத்திய கத்தல் கோட்டைவரை கேட்டது. அந்தப் பக்கத்திலும் வணிகர்கள் தங்கள் ஆளுநர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் சந்தித்தார்கள், கொள்ளைச் சரக்கில் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தார்கள், உடன்படிக்கைக்கு மறுபடி சத்தியம் செய்தார்கள். ஒட்டகங்கள் வந்த அன்று நான் தறியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நீலச் சாயத்தின் நாற்றம் அவ்வளவு இனிமையாக என்றும் இருந்ததில்லை.

எல்லைக் கிராமங்களின் விளைச்சலைப் பாதி பிராங்குப் பிரபுக்களுக்கு, பாதி அந்தப் பக்கத்து ஆளுநர்களுக்கு என்று பிரிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்தச் சத்தியத்தின்போது ரோஸ்டான் ஓநாய்த் தொட்டியையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். பனியையும் பாதியாகப் பிரிப்பதா என்று அந்தப் பக்கத்து அதிகாரி சிரித்தாராம். அளக்க ஆள் அனுப்ப வேண்டாம், அளப்பதற்குள் உருகிவிடும், அதைப் பனிக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடித்தார்கள்.

ஹம்தான் மகள் கல்யாணம் வழி திறந்த பிறகுதான் நடந்தது. தங்கச்சி வராமல் அண்ணன் வீட்டுக் கல்யாணமா? ஷமூனி சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு போனாள். டமாஸ்கஸ்காரர்கள் பாதாம் மிட்டாயை வாயில் போட்டு, "இது நல்ல சர்க்கரை, கடலோரத்துச் சர்க்கரை" என்று தலையாட்டினார்களாம். ஹம்தானின் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். திரும்பி வரும்போது கழுதை நிறைய ஆப்ரிகாட் வற்றல்.

அந்த மாரியில் பனி கொட்டியது. இரண்டு பக்கத்து ஊராரும் ஓநாய்த் தொட்டியில் கூடினார்கள். பனி மிதிப்பது தனியாள் வேலை இல்லை. வரிசையாகத் தோள்மேல் கை போட்டு, பாட்டுக்குக் கால் போட்டு மிதிக்க வேண்டும். அந்த ஒரு தடவை நானும் போனேன். ஷமூனி பக்கத்தில், தாய்வீட்டுக்கு வந்திருந்த ஹம்தானின் மகள் புதுத் தாலாட்டுக் குரலில் பாடினாள், அவளுக்கு அப்போதே நாலு மாதக் கர்ப்பம். "நீ மிதிக்காத, உக்காரு" என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பனியை உருட்டித் தன் அப்பன் தாடிமேல் எறிந்தாள். "இது எல்லை மீறல்!" என்று ஹம்தான் கத்தினான். யார் யார்மேல் எறிந்தார்கள், எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கை மரத்து, மூக்குச் சிவந்து, கடைசியில் எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பருப்புக் கஞ்சி குடித்தோம். ஷமூனி இரண்டாம் கிண்ணத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே, "உப்பு கம்மி" என்றாள்.